குருந்தம்: மணிக்கும் சாணைக்கும் ஒரு பெயர்

1. பொருளும் கேள்வியும்

குருந்தம், அலுமினியமும் ஆக்சிஜனும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் சேர்ந்து உருவான கனிமம். நீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கனமானது. ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு 10, அதற்கு அடுத்த 9 குருந்தத்துக்கு. தூய குருந்தத்துக்கு நிறம் கிடையாது. மிகச் சிறிதளவு குரோமியம் கலந்தால் அது சிவந்து மாணிக்கமாகிறது; இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து கலந்தால் நீலமாகிறது. ஆனால் நிலத்தில் அதிகம் அகப்படுவது இவ்விரண்டும் அல்ல. ஒளி ஊடுருவாத சாம்பல், பழுப்பு, மங்கிய ஊதா நிறக் கட்டிகளே மிகுதி. அவற்றை இடித்துப் பொடியாக்கித்தான் பல நூற்றாண்டுகளாகக் கத்தியும் வாளும் தீட்டப்பட்டன. மணிகளுக்குப் பட்டை பிடிக்கப்பட்டது.

உலகக் கனிமவியல் இன்று வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் இந்தியாவிலிருந்து சென்றது. வடமொழியில் குருவிந்தம், தமிழில் குருந்தம், குருவிந்தம், தெலுங்கில் குருவிந்தம், இந்தியில் குரண்ட் என இச்சொல் பல வடிவங்களில் வழங்குகிறது. இந்தப் பெயர் பழைய நூல்களில் சில இடங்களில் மாணிக்கத்தைக் குறிக்கிறது. சில இடங்களில் மணியைத் தேய்க்கும் கல்லைக் குறிக்கிறது. இரண்டும் ஒரே பொருள்தான் என்று ஐரோப்பிய வேதியியல் உறுதிசெய்தது 1800ஐ ஒட்டிய சில ஆண்டுகளில். அதற்கு முன்பே இந்தப் பெயரை வழங்கியவர்கள் அந்த ஒருமையை அறிந்திருந்தார்களா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. இதற்கு இரண்டு எளிய விடைகள் வழக்கில் உள்ளன. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர், பெயரே சான்று என்பது ஒன்று. பெயர் ஒத்திருப்பது தற்செயல், அறிவியல் பின்னரே வந்தது என்பது மற்றொன்று. கிடைக்கும் சான்றுகள் இரண்டுக்கும் இடம் தரவில்லை.

2. சொல்லின் சுற்றம்

வடமொழி அகராதிகள் குருவிந்தத்துக்குத் தரும் பொருள்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கின்றன: கோரைக்கிழங்கு, ஒருவகைத் தானியம், மாணிக்கம், சாதிலிங்கம், கறுப்பு உப்பு. தமிழ் அகராதிகளிலும் குருவிந்தம் மாணிக்க வகையாகவும் சாதிலிங்கமாகவும் முத்தக்காசாகவும் இடம்பெறுகிறது. செடியும் கல்லும் ஒரே பெயரில் நிற்பது மருந்துப் பெயர்களிலும் மணிப் பெயர்களிலும் புதிதல்ல. இங்கே கருதத் தக்கது மாணிக்கமும் சாதிலிங்கமும் சேர்ந்து நிற்பதே. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த செந்நிறக் கனிமம். கடினத்திலோ அமைப்பிலோ மாணிக்கத்தோடு அதற்கு உறவே இல்லை. இரண்டையும் இணைப்பது சிவப்பு மட்டுமே. ஆகவே இந்தப் பெயரின் ஒரு கிளையாவது நிறத்தின் வழியே பரவியது என்று கொள்ளலாம்.

சொல்லின் மூலம் பற்றிய கருத்துகள் இருவகை. வடமொழிக் குருவிந்தமே மூலம், தமிழ் வடிவங்கள் அதிலிருந்து வந்தவை என்பது ஒரு தரப்பு. வடமொழிக்கே அது திராவிட மொழிகளிலிருந்து சென்றிருக்கலாம் என்பது மறுதரப்பு. பின்னதை ஆதரிப்போர், தொல்காப்பிய உரியியல் ‘குரு’ என்ற சொல்லுக்கு நிறம் என்று பொருள் கூறுவதைச் சுட்டுவதுண்டு. கருத்து கவர்ச்சியானது. ஆனால் முதல் அசை ஒத்திருப்பதை வைத்து மட்டும் ஒரு கல்லின் பெயரை வருவித்துவிட முடியாது. ‘விந்தம்’ என்ற எஞ்சிய பகுதி அப்போது விளக்கமின்றி நின்றுவிடும்.

தமிழ்ச் சான்றுகளைத் தேடும்போது வேறோர் இடர்ப்பாடும் உண்டு. சங்க இலக்கியத்தில் குருந்தம், குருந்து என வருவது மரம்: முல்லை நிலத்தில் வெண்ணிறப் பூப் பூக்கும் காட்டு எலுமிச்சை இனம். மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டது இம்மரத்தடியில் என்பது மரபு. குருந்தன்கோடு போன்ற ஊர்ப்பெயர்களையும் மரத்தோடு பொருத்துவதே இயல்பு. இவற்றைக் கனிமத்துக்குச் சான்றாகக் காட்டுவது பிழை. கல்லைப் பற்றிய உறுதியான தமிழ்ச் சான்றுகள் மணிகளை வகைப்படுத்தும் பகுதிகளில்தான் உள்ளன.

3. மணிநூல்களில் குருவிந்தம்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவை விவரிக்கும்போது மாணிக்க வகைகளாகப் பதுமம், நீலம், விந்தம், படிதம் என நான்கைச் சொல்கிறது. விந்தம் என்பது குருவிந்தம் என்று உரை மரபு விளக்குகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம் சாதரங்கம், குருவிந்தம், சௌகந்திகம், கோவாங்கம் என நால்வகை கூறி அவற்றை நான்கு வருணங்களோடு பொருத்துகிறது. இவ்விரு இடங்களிலும் குருவிந்தம் மாணிக்கத்தின் ஒரு தரம். தேய்க்கும் கல் என்ற குறிப்பு இல்லை. புராணத்தின் வரிசையில் அது இரண்டாம் இடத்தில் நிற்பதால் இழிந்த தரமும் அல்ல.

வடமொழி மணிநூல்கள் தரும் செய்தி இதிலிருந்து வேறுபடுகிறது. உஜ்ஜயினியில் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சம்கிதையில், பத்மராகம் எனும் மாணிக்கம் சௌகந்திகம், குருவிந்தம், ஸ்படிகம் ஆகிய மூன்றிலிருந்து பிறக்கிறது என்கிறார். இங்கே குருவிந்தம் மாணிக்கத்தின் வகையாக அன்றி, மாணிக்கம் தோன்றும் மூலக் கல்லாக வருகிறது. அதிலிருந்து பிறந்தவற்றின் இயல்பையும் அவர் குறிக்கிறார்: பல நிறம் கலந்தவை, மங்கிய ஒளி உடையவை, உள்ளே தாதுக்கள் ஊடுருவியவை. சாம்பலும் சிவப்பும் விரவி, அப்பிரகத் துணுக்குகளும் இரும்புக் கறையும் ஏறிய குருந்தக் கட்டியைக் கையில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்த விவரிப்பு எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். ஸ்படிகத்தையும் மாணிக்கத்தின் மூலமாக அவர் சேர்த்திருப்பது சரியல்ல. ஸ்படிகம் சிலிக்காவால் ஆனது. எனவே இதை வேதியியல் உண்மையின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ள இயலாது. சுரங்கத்தில் எந்தக் கல்லின் அருகே, எந்தக் கல்லின் உருவில் மணி கிடைக்கிறது என்ற கண்ணறிவின் பதிவு என்றே கொள்ள வேண்டும்.

இந்த ஆய்வுக்கு எல்லாவற்றினும் முதன்மையான சான்று கருட புராணத்தின் மணித்தேர்வுப் பகுதியில் உள்ளது. அப்பகுதி புத்தபட்டர் என்பவரின் ரத்னபரீட்சை என்ற நூலோடு நெருங்கிய உறவுடையது. பிரெஞ்சு அறிஞர் லூயி பினோ 1896இல் வெளியிட்ட இந்திய மணிநூல் தொகுப்பு அந்த நூலை ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்தியது. பத்மராகத்தின் மீதும் இந்திரநீலத்தின் மீதும் கீறல் இட வைரமோ குருவிந்தமோ தவிர வேறெதனாலும் முடியாது என்பது அங்கே சொல்லப்படும் விதி. மாணிக்கத்தைச் சோதிக்கும் முறைகள் எவையோ அவையே இந்திரநீலத்துக்கும் உரியவை என்றும் அதே மரபு சொல்கிறது.

இவ்விதியின் ஒவ்வொரு சொல்லும் கனிமவியலோடு ஒத்துப்போகிறது. மாணிக்கம், நீலம் இரண்டும் 9 கடினம் கொண்டவை. அவற்றைக் கீற வைரம் வேண்டும்; அல்லது அதே கடினம் கொண்ட குருந்தம் வேண்டும். புட்பராகம் 8, பளிங்கு 7, இவற்றால் ஆகாது. இச்சோதனைக்கு வணிகத்தில் நேரடிப் பயன் இருந்தது. ஸ்பினல் என்ற செம்மணி கண்ணுக்கு மாணிக்கம் போலவே தோன்றும். இங்கிலாந்து அரச முடியில் பதித்துள்ள ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ உண்மையில் ஸ்பினல்; நூற்றாண்டுகள் கழித்தே அது தெரியவந்தது. ஸ்பினலின் கடினம் 8 என்பதால் மாணிக்கம் அதைக் கீறிவிடும். நிறத்தை நம்பினால் ஏமாற்றும் இடத்தில் கீறலை நம்பலாம் என்று இம்மரபு கண்டிருக்கிறது.

கருட புராணத்தின் விதியில் குருவிந்தம் ஒரு புறமும், பத்மராகமும் இந்திரநீலமும் மறுபுறமும் நிற்கின்றன. அதாவது இங்கே குருவிந்தம் மணியல்ல, மணியைக் கீறும் பொருள். அதே நூல் மரபு வேறிடங்களில் குருவிந்தத்தை மாணிக்கத்தின் வகையாகவும் எண்ணுகிறது. ஒரே மரபுக்குள் ஒரே பெயர் இரு பணிகளைச் செய்வதை எழுத்தரின் குழப்பம் என்று தள்ளிவிடுவது எளிது. அந்த இரு பணிகளையும் உண்மையிலேயே செய்யும் பொருள் ஒன்று நிலத்தில் இருக்கும்போது, குழப்பம் என்ற விளக்கம் போதாது.

4. அரக்கும் பொடியும்

தேய்க்கும் கல்லாகக் குருவிந்தம் வரும் பழைய சான்றுகளில் ஒன்று எதிர்பாராத இடத்தில், பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநய பிடகத்தில், உள்ளது. சுல்லவக்கத்தின் ஒரு பகுதி துறவிகள் குளிக்கும் முறையைப் பற்றியது. ஆறு துறவியர் கொண்ட குழு ஒன்று, இல்லறத்தார் இன்பத்துக்காகச் செய்வதுபோல, குருவிந்தகச் சுத்தி என்ற பொருளால் உடம்பைத் தேய்த்துக் குளித்தது, மக்கள் பழித்தனர், புத்தர் தடை விதித்தார் என்பது செய்தி. அப்பொருள் என்ன என்பதை உரை விளக்குகிறது: குருவிந்தகக் கல்லின் பொடியை அரக்கால் கட்டிச் செய்த உருண்டைகளின் கோவை. அதன் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு உடலில் தேய்ப்பார்கள். இந்த உரை 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில், அனுராதபுர மரபின் பழைய உரைகளைக் கொண்டு புத்தகோசர் தொகுத்தது.

குளியல் பொருளின் வரலாறாக இது சிறிய செய்தி. தொழில்நுட்ப வரலாற்றில் இதன் இடம் பெரிது. கல்லைப் பொடித்து அரக்கில் பிணைக்கும் இதே முறையில்தான் இந்தியச் சாணைச் சக்கரம் செய்யப்பட்டது. குருந்தத்தை இடித்துச் சலித்து, பருவட்டையும் நைசையும் தனித்தனியே பிரிப்பார்கள். அரக்கை உருக்கிப் பொடியை அதில் கலந்து பிசைந்து, வட்டமாகத் தட்டி, நடுவில் அச்சு செருகுவார்கள். ஒருவர் வில்நாணையோ தோல்வாரையோ இழுத்து அச்சைச் சுழற்ற, மற்றவர் மணியை அல்லது கத்தி அலகைச் சக்கரத்தின் விளிம்பில் பிடிப்பார். பருவட்டுப் பொடியால் ஆன சக்கரம் உருவம் கொடுக்கும். நைசுப் பொடிச் சக்கரம் மெருகு ஏற்றும். அரக்கு சூட்டில் இளகும் என்பதால், தேய்ந்து வடிவு கெட்ட சக்கரத்தை மீண்டும் உருக்கி வார்க்கலாம். பிணைப்புப் பொருளில் உராய்பொடியை நிறுத்தி வைக்கும் இந்த முறையே இன்றைய தொழிற்சாலைச் சாணைச் சக்கரத்தின் அடிப்படையும் ஆகும். அரக்கின் இடத்தில் இன்று சுட்ட களிமண்ணும் செயற்கைப் பிசினும் உள்ளன. விநய உரையின் உருண்டைக் கோவை, இந்த நுட்பம் 5ஆம் நூற்றாண்டிலேயே அன்றாடப் பொருளாகும் அளவுக்குப் பரவியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

மணி அறுக்கும் தொழிலை நேரில் கண்டு எழுதியவர் பிரெஞ்சுப் பயணி ழான் தெவனோ. 1666ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோல்கொண்டாவுக்கு வந்த அவர், அங்கே நீலக்கல்லைக் கம்பி பூட்டிய வில்லால் அறுத்ததைப் பார்த்தார். ஒருவர் வில்லை முன்னும் பின்னும் இழுக்க, இன்னொருவர் வெண்ணிற எமரி எனும் தேய்ப்புக் கல்லின் பொடியைத் தண்ணீரில் கரைத்து அறுவாயில் விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளை எமரி அந்நாட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கட்டிகளாகக் கிடைக்கிறது என்றும், தெலுங்கில் அதற்குக் ‘கொரிந்த்’ என்று பெயர் என்றும் அவர் குறித்துவைத்தார். நீலக்கல் குருந்தம்; அதை அறுக்கும் கரைசலில் இருந்ததும் குருந்தம். கம்பி வெட்டவில்லை, பொடியைக் கல்லின் மீது ஏந்திச் சென்றது. சமமான கடினம் கொண்ட கோடிக்கணக்கான துகள்கள் மெல்ல மெல்லக் கல்லைத் தின்றன. கருட புராணம் விதியாகச் சொன்னதன் தொழில் வடிவம் இது.

தமிழகத்தில் மணித்தொழிலின் தொல்லியல் சான்றுக்கு முதன்மையான இடம் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல். பதிற்றுப்பத்து இரு பாடல்களில் கொடுமணம் எனப் போற்றும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணி செய்யும் தொழிலின் எல்லா நிலைகளையும் காட்டும் கற்கள் கிடைத்தன: நீலம், பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம், செவ்வந்திக்கல் முதலியன. இரும்பு உருக்கிய உலைகளும் அதே ஊரில் உள்ளன. குருந்தம் விளையும் சிவன்மலை, காங்கயம் பகுதி இவ்வூருக்கு அண்மையில் இருக்கிறது. மணித்தொழிலும் இரும்புத்தொழிலும் ஒரே ஊரில் நிகழ்ந்ததைப் பார்க்கும்போது, இரண்டுக்கும் தேவையான தேய்ப்புக் கல் அருகிலேயே கிடைத்தது முக்கியமான செய்தி. எனினும் இது சூழ்நிலைச் சான்று மட்டுமே. அதற்கு மேல் ஏற்றிச் சொல்வது முறையாகாது.

5. சென்னையிலிருந்து லண்டனுக்கு

ஐரோப்பிய நூல்களில் இப்பெயர் ஏறிய கதை, ‘கொரண்டம் தமிழ்ச் சொல்’ என்ற பரவலான கூற்றைச் சற்றுத் திருத்துகிறது. லண்டன் மருத்துவரும் புவியியலாளருமான ஜான் உட்வர்ட் சேர்த்த கற்களின் பட்டியல் 1720களின் இறுதியில் அச்சானது. அதில் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து மருத்துவர் புல்க்லி அனுப்பிய இரண்டு கற்கள் இடம்பெற்றன. ஒன்றின் பெயர் ‘தெல்ல கொரிவிந்தம்’, மற்றொன்று ‘நெல்ல கொரிவிந்தம்’. முன்னது மாணிக்கத்தையும் வைரத்தையும் மெருகிடப் பயன்படுகிறது என்றும், பின்னது நெல் விளையும் வயல்களில் எலிகள் வளை தோண்டும்போது மேலே தள்ளும் மண்ணில் கிடைக்கிறது, இரும்பைத் தேய்க்க உதவுகிறது என்றும் குறிப்பு சொல்கிறது. தெல்ல என்பதும், பட்டியல் ‘நெல்ல’ என்று எழுதிய நல்ல என்பதும் தெலுங்கில் முறையே வெண்மையும் கருமையும். தெவனோ கேட்டதும் தெலுங்குப் பெயர். ஆக, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் காதில் முதலில் விழுந்தவை தெலுங்கு வடிவங்கள். இன்றைய ஆங்கில வடிவத்துக்கு நேர் மூலம் தமிழ்க் குருந்தமே என்று யூல், பர்னல் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி கருதியது. ஒலி அளவில் அது ஏற்கத்தக்கது. கீழே வரும் பரமத்திச் செய்தியும் அதற்குத் துணை நிற்கிறது. ஆனால் முதல் அறிமுகத்தைத் தமிழுக்கு உரியதாக்க ஆவணம் இல்லை.

உட்வர்டின் குறிப்பை அடுத்த அரை நூற்றாண்டுக்கு யாரும் பொருட்படுத்தவில்லை. 1767 அல்லது 1768இல் எடின்பரோவில் முத்திரைக் கல் செதுக்குபவரான வில்லியம் பெர்ரிக்குச் சென்னையிலிருந்து மருத்துவர் ஆண்டர்சன் ஒரு பெட்டி நிறையப் படிகங்களை அனுப்பினார். வைரம் தவிர்த்த மணிகள் அனைத்தையும் மெருகிட இந்தியர் பயன்படுத்தும் கல் இது என்ற செய்தியும் உடன் சென்றது. பெர்ரி சோதித்துப் பார்த்தார். அகேட்டையும் சூதுபவளத்தையும் அது வெட்டியது. ஆனால் நுண்ணிய உருவங்களைச் செதுக்க வைரப் பொடியே விரைவாக வேலை செய்தது. கூடுதல் விலையை நேரத்தில் மீட்கலாம். எனவே படிகங்கள் காட்சிப் பொருளாக ஒதுக்கி வைக்கப்பட்டன. வேதியியலாளர் ஜோசப் பிளாக் அவற்றைக் கண்டு, ஐரோப்பாவில் அறியப்படாத கல் என்று உணர்ந்து, ‘வைரப் படிகக்கல்’ என்ற பொருளில் புதுப்பெயர் சூட்டினார். பெர்லினில் கிளாப்ராத் இதைப் பகுத்தாய்ந்து, உள்ளே புதிய மண்வகை ஒன்று இருப்பதாக முதலில் அறிவித்தார். 1795 வாக்கில் மறுஆய்வு செய்து, பெரும்பகுதி அலுமினாவே எனத் தம் முடிவை மாற்றிக்கொண்டார்.

இந்தியப் பெயரை நிலைநாட்டியவர் சார்லஸ் கிரெவில். 1798இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான அவரது கட்டுரை, உள்ளூர் வழக்கே இக்கல்லின் பெயராக இருக்க வேண்டும் என்று நிறுவியது. அதற்காக அவர் செய்த வேலை மெச்சத்தக்கது: உட்வர்டின் மறந்துபோன பட்டியலைத் தேடி எடுத்தார், சென்னையிலிருந்து மாதிரிகளையும் பெயரையும் கேட்டுப் பெற்றார், கல் எங்கே தோண்டப்படுகிறது என்று விசாரித்தார். கிடைத்த விடை காவிரிக்கு அருகில் உள்ள பரமத்தி வட்டாரம். 1792இல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்திருந்தன. அதிகாரிகள் அங்கே நேரில் சென்று பார்க்க வழி திறந்தது அப்போதுதான்.

அதன்பின் முடிவுகள் விரைந்து வந்தன. கீழைநாட்டு மாணிக்கமும் நீலமும் ஒரே இனம் என்பதை ரோமே த லில் 1783இலேயே படிக வடிவத்தைக் கொண்டு சொல்லியிருந்தார். பூர்னோன் பிரபு கிரெவிலின் சேகரிப்பை அளந்து, மங்கிய குருந்தமும் தெளிந்த மணியும் ஒரே படிக அமைப்பு உடையவை என்று 1802இல் வாதிட்டார். அதே ஆண்டில் ரிச்சர்ட் செனவிக்ஸ் வேதிப் பகுப்பாய்வால் அதை வலுப்படுத்தினார். நாக்சஸ் தீவின் எமரியில் வேலை செய்யும் பொருளும் குருந்தமே என்று ஸ்மித்சன் டென்னன்ட் காட்டியதும் 1802இல்தான். 1801இல் மணிகளையும் குருந்தத்தையும் இரு இனங்களாக வைத்த ரெனே ழுஸ்ட் அயூ, சில ஆண்டுகளில் இரண்டையும் ஒன்றாக்கினார். ஒன்றான இனத்துக்கு அவர் வைத்தது மணியின் பெயரை அல்ல, தேய்க்கும் கல்லின் பெயரை. உலகின் விலையுயர்ந்த இரு மணிகள் பரமத்தியின் சாணைக்கல்லுடைய பெயருக்குக் கீழே வந்து சேர்ந்தன.

6. முன்பே அறிந்திருந்தார்களா?

இப்போது கேள்விக்குத் திரும்பலாம். முன்னறிவு இருந்தது என்று சொல்வோருக்கு வலுவான சான்று கீறல் விதி. மாணிக்கம், நீலம், குருவிந்தம் மூன்றையும் கடினத்தால் ஒரு தொகுதியாக்கி, வைரத்தை மட்டும் அவற்றுக்கு மேலே வைத்தது அது. மோஸ் அளவுகோலின் உச்சியில் உள்ள இரு படிகளும் அங்கே தெளிவாக உள்ளன. வராகமிகிரரின் ‘பிறப்பு’க் கூற்று இதற்குத் துணை.

எதிர்ச் சான்றுகளும் எளிதில் ஒதுக்கக் கூடியவை அல்ல. நவமணிகளில் மாணிக்கமும் நீலமும் என்றும் இரண்டாகவே எண்ணப்பட்டன. சூரியனுக்கு ஒன்று, சனிக்கு ஒன்று எனக் கோள்களும் வேறு. இரண்டுக்கும் பொதுவான ஒரு பெயரை இந்திய மணிநூல்கள் உருவாக்கவில்லை. அரபு மரபு அதைச் செய்தது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் யாகூத் என்ற ஒரே பெயரில் அது வகைப்படுத்தியது. 11ஆம் நூற்றாண்டில் அல்-பிரூனி மணிகளின் ஒப்பெடையையே அளந்து, ஸ்பினலை யாகூத்திலிருந்து பிரித்தார். இனங்களை ஒன்றாக்கும் அறிவைப் பொறுத்தவரை அவரே ரோமே த லிலுக்கு நெருங்கிய முன்னோடி. ஆனால் அரபு மரபு தேய்க்கும் பொடிக்குச் சுன்பாதஜ் என்று தனிப்பெயர் வைத்திருந்தது. மணியும் பொடியும் அங்கே சேரவில்லை. இந்திய மரபில் மணிகள் இரண்டும் சேரவில்லை. மணியும் தேய்க்கும் கல்லும் ஒரு பெயரில் சேர்ந்தன.

இந்த வேறுபாட்டுக்கு நிலவியல் ஒரு காரணம் தருகிறது. நாமக்கல், கரூர், காங்கயம் பகுதிகளில் குருந்தம் பாறையிலேயே, பெரிய படிகங்களாக, பீப்பாய் போன்ற அறுகோண வடிவில் கிடைக்கிறது. ஒரே குழியில் சாம்பல் கட்டியும், செந்நிறம் படிந்த கட்டியும், சில வேளை ஒளி புகும் துண்டும் அகப்படும். சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறையும் சிவன்மலையின் சயனைட் பாறையும் இதற்குப் பெயர்பெற்றவை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1898இல் குருந்தத்துக்கென்றே தனி நூல் எழுதியபோது இப்பகுதிகளுக்கு முதன்மை அளித்தார். நாக்சஸின் எமரியோ இரும்புத் தாதுவோடு நுண்ணிய மணிகளாகக் கலந்த கருங்கட்டி. அதை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் மாணிக்கத்தின் நினைவு வராது. இந்தியக் கட்டியில் சாணைக்கல் மாணிக்கமாக மாறும் இடைநிலைகள் கண்ணெதிரே இருந்தன. பெயர் இரு பக்கமும் நீண்டதற்கு இதுவே போதுமான விளக்கம்.

இக்கட்டுரையின் முடிவு இவ்வாறு அமைகிறது: குருந்தம் என்ற பெயரை வழங்கியவர்கள் பொருளின் வேதி ஒருமையை அறியவில்லை, அதற்கான கருவியும் கருத்தும் அப்போது இல்லை. ஆனால் கடினம், படிக உருவம், கிடைக்கும் இடம் என்னும் மூன்றாலும் மணிக்கும் தேய்ப்புக் கல்லுக்கும் உறவு உண்டு என்பதைச் சோதித்து அறிந்திருந்தனர். இந்த அறிவு யாருடையது என்பதும் கேட்கப்பட வேண்டும். மணிநூல்கள் அரசனுக்கும் வணிகனுக்கும் எழுதப்பட்டவை. குறையும் விலையும் நன்மை தீமையும் அவற்றின் அக்கறை. கீறல் விதியோ நாள்தோறும் கல்லைக் கல்லில் தேய்த்தவரின் கையிலிருந்து நூலுக்கு ஏறிய செய்தி. அவர்கள் எழுதி வைத்தது எதுவும் நமக்கு எட்டவில்லை. அவர்களது தொழிலறிவை அவர்கள் செய்த மணிகளிலும், பிறர் எழுதிய ஓரிரு வரிகளிலும்தான் தேட வேண்டியிருக்கிறது. மணிவரலாறு எழுதுவோர் நூல்களின் வகைப்பாட்டிலேயே நின்றுவிடுவது இதனால்தான் குறையாகிறது.

7. பெயரின் பிற்கால வாழ்வு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்கைக் குருந்தத்தின் சந்தை சரிந்தது. 1891இல் அமெரிக்கர் எட்வர்ட் அச்செசன் களிமண்ணையும் கற்கரியையும் மின்னுலையில் காய்ச்சியபோது மின்னும் கடினப் படிகங்கள் கிடைத்தன. கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று எண்ணிக் ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். அது உண்மையில் சிலிக்கன் கார்பைடு. குருந்தம் அதில் துளியும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சில ஆண்டுகளில் பாக்சைட்டை மின்னுலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தமே செய்யப்பட்டது. 1902இல் ஒகுஸ்த் வெர்னெய் சுடரில் அலுமினாப் பொடியை உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்தார். கைக்கடிகாரத்தின் ‘ஜூவல்’ அந்த மாணிக்கமே. 1960இல் முதல் லேசரும் செயற்கை மாணிக்கத் தண்டிலிருந்தே பிறந்தது.

அச்செசன் இட்ட பெயர் 1954இல் சென்னைக்கு வந்தது. முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், திருவொற்றியூரில் சாணைச் சக்கரங்கள் செய்யத் தொடங்கியது. பட்டறைகளில் ‘கார்போரண்டம் கல்’ என்று கேட்டு வாங்குவோர் குருந்தம் என்ற பழைய பெயரின் ஒரு பகுதியையும் சேர்த்தே சொல்கிறார்கள். குருந்தம் என்ற வடிவம் இன்று பெரும்பாலும் பாடநூல்களிலும் கனிம வளக் குறிப்புகளிலும் வாழ்கிறது.

மணிக்கும் வெறுங்கல்லுக்கும் இடையிலான எல்லை அண்மைக் காலத்தில் நகர்ந்த இடம் இலங்கை. இரத்தினபுரிப் பகுதியின் குழிகளில் பால்போல் வெளுத்த, மங்கலான குருந்தம் ஏராளமாகக் கிடைக்கிறது. கெவுடா எனப்படும் அது நீண்ட காலம் விலைபோகாத கல்லாக ஒதுக்கப்பட்டது. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அதை மலிவாக வாங்கிச் சென்று, உலையில் 1,600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி ஆழ்ந்த நீலமாக மாற்றினார்கள். கல்லுக்குள் நுண்ணிய ஊசிகளாகப் படிந்து அதை மங்கச் செய்திருந்த ரூட்டைல், அந்த வெப்பத்தில் கரைகிறது. அதிலுள்ள டைட்டானியம் இரும்போடு இணைந்து நிறத்தைத் தருகிறது. மணியைச் சுட்டு நிறம் திருத்தும் வழக்கத்தை அல்-பிரூனியும் குறித்திருக்கிறார். புதிதாக வந்தது உலையின் வெப்பமும், எந்தக் கல் எப்படி மாறும் என்பதைச் சூடேற்றும் முன்பே தரம்பிரிக்கும் பயிற்சியும்தான். அந்தப் பயிற்சியை இலங்கையின் மணித்தொழிலாளர்களும் பின்னர் கற்றுக்கொண்டு, கெவுடாவைத் தங்கள் நாட்டிலேயே சுடத் தொடங்கினர்.